பாலம் இல்லாத கரை: ஓவியர் இரவிவர்மாவின் வரலாறு

திருவேங்கட மலைக்கு நடந்தேறும் அன்பர்கள் முதலில் அடிவைக்கும் இடம் அலிபிரி. அங்கிருந்து 3,500-க்கு மேற்பட்ட படிகள் மேல்நோக்கிச் செல்கின்றன. மலைமேல் பெருமாள் நிற்கிறார். கீழே திருச்சானூரில் தாயார் தனிக்கோயில் கொண்டிருக்கிறாள். பிரிந்திருக்கும் அவ்விருவருக்கும் இடையே இப்படிகள் பாலம் போலக் கிடக்கின்றன. மலையிறங்கி ஊர் திரும்பும் மக்களைப் பாருங்கள். கையில் இலட்டு இருக்கும். பையில் ஒரு படமும் இருக்கும். வேங்கடவன் படம், தாமரையில் நிற்கும் திருமகள் படம், வீணை ஏந்திய கலைமகள் படம் என ஏதேனும் ஒன்று வீடு போய்ச் சேரும். மண் சுவரானாலும் மாடி வீடானாலும் அப்படத்திற்கு ஓர் ஆணி உண்டு. மாலையில் ஒரு விளக்கும் உண்டு.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? கடவுளைத் தாளில் அச்சிட்டு ஏழையின் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பியவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடிச் செல்வோர் கிளிமானூர் இரவிவர்மாவின் வாழ்க்கையில் சென்று நிற்பர். ஆனால், நண்பர்களே, அவ்வாழ்க்கைக்குள் புகுமுன் ஒருகணம் கீழ்த்திசைக் கடலைத் தாண்டி ஜப்பான் நாட்டுக்குச் சென்று வருவோம். நம் ஓவியரின் சிறப்பும் குறையும் அங்கிருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும்.

ஜப்பானியர் மரக்கட்டையில் படம் செதுக்கி மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் கலையில் வல்லவர். 1765-ஆம் ஆண்டில் ஹருநொபு என்னும் ஓவியர் காலத்தில் அக்கலை பலநிறம் பெற்றது. வண்ணத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்குவர். ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றுவர். வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர். அப்படங்கள் அரண்மனைக்காகப் பிறந்தவை அல்ல. எடோ என்று அந்நாளில் வழங்கிய தோக்கியோ நகரத்துக் கடைத்தெரு மக்களுக்காகப் பிறந்தவை. மலிவாக விற்றன, கைம்மாறிக் கைம்மாறிக் கிழிந்தன.

அப்படங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. மழையோ பனியோ பெய்துகொண்டிருக்கும். மரப்பாலம் ஒன்று வளைந்து கிடக்கும். குடை பிடித்த பெண்ணொருத்தி அதன்மேல் தனியே நடந்து செல்வாள். அவள் எங்கிருந்து வருகிறாள், யாரிடம் போகிறாள் என்று படம் சொல்லாது. ஆயினும் அவள் போகிறாள். அவளுக்கு ஒரு பாலம் இருக்கிறது. பாலங்களை வரைவதில் ஈடிணையற்ற ஹிரோஷிகே 1858-இல் மறைந்தார். அவர் 1857-இல் வரைந்த பாலத்து மழையை 1887-இல் ஐரோப்பாவில் வான்கோ என்னும் ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்துப் பயின்றார். கடைத்தெருப் படம் உலகக் கலையாயிற்று.

ஹிரோஷிகே கண்மூடிய ஆண்டில் திருவாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கரித்துண்டால் சுவரெல்லாம் படம் கிறுக்கிக்கொண்டிருந்தான். அவனும் பின்னாளில் தனித்த பெண்களை வரைந்தான். அச்சுப் படங்களாக ஊரெங்கும் அனுப்பினான். ஆனால் அவன் வரைந்த பெண்களுக்கு நடந்து செல்லப் பாலம் இல்லை. அவர்கள் கரையில் நின்றார்கள். அதுவே இவ்வரலாற்றின் உட்பொருள்.

இளமையும் பயிற்சியும்

இரவிவர்மா 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் பிறந்தார். தாயார் உமாம்பா தம்புராட்டி. தந்தையார் எழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு. கிளிமானூர்க் குடும்பம் திருவாங்கூர் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட குடும்பம். கதகளியும் இலக்கியமும் இசையும் வீட்டுக்குள்ளேயே உலவின. சுவரைக் கரியாக்கிய சிறுவனை வீட்டார் கடிந்திருக்கலாம். ஆனால் அவன் மாமன் இராஜராஜவர்மா தாமே ஓவியம் வல்லவர். கிறுக்கலுக்குள் இருந்த கைவண்ணத்தைக் கண்டுகொண்டார். தாமே முதல் ஆசிரியராகிப் பதினான்காம் வயதில் அவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராசாவின் முன் நிறுத்தினார்.

அரசரின் ஆதரவு கிடைத்தது. ஆனால் ஆசிரியர் கிடைக்கவில்லை. எண்ணெய் வண்ண ஓவியம் நம் நாட்டுக்குப் புதியது. அதில் தேர்ந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் மதுரையைச் சேர்ந்தவர். இளைஞனுக்குத் தம் தொழில் நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையே ஆசிரியர் அறியாமல் வந்து வண்ணம் குழைக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராசாவின் உருவத்தை எழுத வந்தார். அவரும் கற்பிக்க விரும்பவில்லை. தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்தே கற்றார் இரவிவர்மா. கல்லூரிக் கூடமும் பாடநூலும் நூலகமும் ஆசிரியரும் பெற்று அமர்ந்திருக்கும் நாம் இச்செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். கதவு அடைத்திருந்த காலத்தில் சாவித்துளை வழியே ஒரு கலையைக் கற்றுக்கொண்டார் அம்மனிதர்.

1866-இல், தம் பதினெட்டாம் வயதில், மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதி பாயியை மணந்தார். அக்குடும்பத்திலிருந்தே பகீரதியின் உடன்பிறந்த பெண்கள் இருவர் திருவாங்கூர் அரச குடும்பத்துக்கு மகவாக ஏற்கப்பட்டிருந்தனர். இவ்வுறவு பின்னர் ஒரு பெருந்திருப்பத்துக்குக் காரணமாயிற்று. அதனை உரிய இடத்தில் காண்போம்.

சென்னை தந்த புகழ்

1870-இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று நோன்பிருந்து திரும்பிய இரவிவர்மா ஓவியத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். உயர்குடியில் பிறந்தவர் கூலி பெற்றுப் படம் வரைவது அந்நாளில் இழுக்கெனக் கருதப்பட்டது. அவ்விழுக்கை அவர் பொருட்படுத்தவில்லை.

1873-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். நாயர் குலப் பெண்ணொருத்தி கண்ணாடியின் முன் தன் கூந்தலுக்கு மலர் சூட்டுகிறாள். அவ்வளவே படம். ஆளுநரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. மறு ஆண்டில் தமிழ்ப் பெண்ணொருத்தி ஸ்வரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் படம் மீண்டும் சென்னையில் தங்கப் பதக்கம் பெற்றது. அடுத்து வந்தது சகுந்தலை படம். காட்டில் புல்மேல் சாய்ந்து, தாமரை இலையில் துஷ்யந்தனுக்கு மடல் எழுதுகிறாள் அவள். அதனைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைகொடுத்து வாங்கினார். சகுந்தலை நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் அப்படத்தைத் தம் நூலின் முகப்பில் வைத்தார். மதுரை ஓவியர் மறைத்த கலை சென்னைப் பட்டணத்தில் முடிசூடிக்கொண்டது என்று சொல்லலாம்.

தனித்த பெண்கள்

இனி அவர் வரைந்த பெண்களைச் சற்றே நின்று நோக்குவோம்.

தமயந்தி மாடத்தில் நிற்கிறாள், எதிரே அன்னப்பறவை. நளனிடம் அவள் போகவில்லை, அன்னம்தான் போகிறது. சகுந்தலை காலில் முள் தைத்தவள்போல் நின்று திரும்பிப் பார்க்கிறாள். தோழியர் அருகில் இருந்தும் அவள் தனித்தவளே. அசோக வனத்தில் சீதை மரத்தடியில் அமர்ந்திருக்கிறாள்; அவளுக்கும் கணவனுக்கும் இடையே கடல் கிடக்கிறது. நிலவொளியில் நீர்க்கரைப் பாறைமேல் பெயரறியாப் பெண்ணொருத்தி அமர்ந்திருக்கிறாள். நீர் இருக்கிறது, நிலவு இருக்கிறது, கடந்து செல்ல வழி இல்லை. மோகினி ஊஞ்சலாடுகிறாள், போவதும் வருவதுமாய் இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

ஜப்பானியப் பெண்ணுக்குப் பாலம் செய்த வேலையை இங்கே வேறு பொருள்கள் செய்கின்றன. அன்னமும் மடலும் கனவும் தோழியுமே இப்பெண்களுக்குப் பாலம். தமிழ் பயிலும் நமக்கு இது புதிய செய்தியன்று. முல்லை நிலத்தில் ஆற்றியிருக்கும் தலைவியும், நெய்தற் கரையில் அலையை நோக்கி இரங்கும் தலைவியும் நாம் அகப்பாட்டில் பழகிய மக்கள். காத்திருத்தலை ஓர் ஒழுக்கமாகவே வகுத்த இலக்கியம் நம் இலக்கியம். இரவிவர்மா சங்கப் பாடலைப் பார்த்து வரைந்தார் என்பது கருத்தன்று. காளிதாசனும் பாரதமும் இராமாயணமும் அவருக்குக் கருவாயின. ஆயினும் இந்நாட்டில் நெடுங்காலமாகப் பாட்டில் மட்டும் நின்ற பெண்ணை எண்ணெய் வண்ணத்தில், நிழலும் ஒளியும் சதையும் பட்டுமாகக் கண்முன் நிறுத்தினார். அதனாலன்றோ மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்!

படத்தில் மட்டுமா பெண்கள் காத்திருந்தனர்? பகீரதி பாயி மாவேலிக்கரையிலேயே வாழ்ந்தார். மருமக்கள் தாய முறையில் மனைவி தாய்வீட்டில் வாழ்வது வழக்கம்தான். எனினும் கணவர் மைசூர், பரோடா, பம்பாய் என்று ஊர்தோறும் சென்ற ஆண்டுகளில் ஐந்து மக்களோடு அவர் அங்கே இருந்தார், 1891-இல் மறைந்தார். கிளிமானூரிலோ இரவிவர்மாவின் தங்கை மங்களாபாயி இருந்தார். அவரும் தேர்ந்த ஓவியர். அண்ணன் உருவத்தை அவர் எழுதிய படம் திருவனந்தபுரம் சித்திரா கலைக்கூடத்தில் உள்ளது. தம்பி இராஜராஜவர்மா அண்ணனோடு நாடெங்கும் சென்று ஓவியராகப் பெயர் பெற்றார். தங்கையோ வீட்டிலேயே வரைந்தார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூவர், கலையும் ஒன்றே. இருவருக்கு இருப்புப்பாதை கிடைத்தது. ஒருவருக்கு முற்றம் கிடைத்தது. பாலம் இல்லாத கரையைப் படத்தில் அத்துணை அழகாகக் காட்டிய ஓவியரின் வீட்டிலேயே அக்கரை இருந்தது.

அரண்மனையிலிருந்து கடைத்தெருவுக்கு

1880-இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளோடு இரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. திருவனந்தபுரத்தை விட்டு வெளியேறினார். பரோடா நாட்டில் அப்போது திவானாக இருந்தவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்து, திருவாங்கூரில் திவானாக விளங்கி, பின்பு பரோடா சென்றவர் அவர். அவர் வழியாகப் பரோடா மன்னர் சாயாஜிராவின் ஆதரவு கிடைத்தது. அம்மன்னருக்காகப் புராண நிகழ்ச்சிகள் பதினான்கை இரவிவர்மா 1890-இல் எழுதி முடித்தார். அதற்கு முன் தம்பியோடு வடநாடு முழுவதும் சுற்றிப் பல்வேறு மக்களின் உடையையும் முகத்தையும் பார்த்து வந்தார். அப்படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரள் திரளாக வந்தனர். தமயந்தியையும் சந்தனுவையும் அதுவரை கதையில் கேட்டவர்கள் கண்ணால் கண்டனர்.

மாதவராவ் ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஓவியம் ஒன்று, கேட்போர் பலர். இரண்டு கை எத்தனை படம் எழுதும்? ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பல்லாயிரம் படிகள் எடுத்தால் நாட்டுக்கும் நன்மை, ஓவியருக்கும் புகழ் என்பது அவர் கருத்து. இரவிவர்மா ஒருபடி மேலே சென்றார். ஐரோப்பாவுக்குப் படத்தை அனுப்புவதற்கு மாறாக, ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறியை இங்கே வரவழைத்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிற்று. ஜெர்மானியத் தொழில் வல்லுநர் வந்தனர். கல்லில் படம் எழுதி, கொழுப்பு மை தடவி, நீரும் மையும் ஒன்றோடொன்று ஒட்டாத இயல்பைக் கொண்டு அச்சிடும் முறை அது. ஜப்பானில் வண்ணத்துக்கு ஒரு மரக்கட்டை. இங்கே வண்ணத்துக்கு ஒரு கல். கருவி வேறு; கருத்து ஒன்று. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. தொடர்ந்து திருமகளும் கலைமகளும் வந்தனர்.

இதற்கு முந்திய ஆண்டு, 1893-இல், அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் பேசிய சமயப் பேரவை கூடியதும் அவ்விழாவை ஒட்டியே. இரவிவர்மாவின் பத்துப் படங்கள் அங்கே சென்றன. இந்திய நாட்டின் பல்வேறு குலத்துப் பெண்கள் அவற்றில் இடம்பெற்றனர். இரண்டு பரிசுகள் கிடைத்தன. உலகப் புகழ் கைக்கெட்டிய நேரத்தில் அவர் நினைத்திருந்தால் அரசர்களுக்கும் ஆளுநர்களுக்கும் மட்டுமே வரைந்து செல்வத்தில் மிதந்திருக்கலாம். மாறாக, சில அணாக்கள் கொடுத்துப் படம் வாங்குவோரை நாடிச் சென்றார்.

அம்முயற்சிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினர். அச்சகம் இடம் மாறி மாறிக் கடைசியில் 1899-இல் லோணாவளைக்கு அருகேயுள்ள மளவ்லியில் சென்று நின்றது. கடன் பெருகிற்று. படம் வரையும் கை கணக்குப் புத்தகத்தைத் தூக்க முடியவில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகத்தை ஷ்லெய்ஷர் என்னும் ஜெர்மானியத் தொழிலாளரிடம் விற்றுவிட்டார். படங்களை அச்சிடும் உரிமையும் உடன் சென்றது. நாடெங்கும் அவர் படம் விற்றது. அதன் ஊதியம் அவருக்கு வரவில்லை. பாலத்தைக் கட்டியவர் சுங்கச்சாவடியை இழந்தார்.

அச்சகம் மட்டும் நிலைத்தது. பின்னாளில் இந்தியத் திரைப்படத்தின் தந்தையெனப் புகழ்பெற்ற பால்கே அதில் பணிசெய்து தொழில் பழகியவர். கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த நாட்காட்டிப் படங்களும், சிவகாசி அச்சகங்கள் ஊரெங்கும் அனுப்பிய தெய்வப் படங்களும் இரவிவர்மா திறந்த வழியில் நடந்தவையே. 1972-இல் மளவ்லி அச்சகம் தீக்கிரையாயிற்று. கற்கள் போயின, படங்கள் போகவில்லை. அவை ஏற்கெனவே வீடுகளில் இருந்தன.

பழியும் புகழும்

இரவிவர்மாவைப் பழித்தோரும் உளர். வங்கத்தில் அவனீந்திரநாதர் தலைமையில் புதிய ஓவிய இயக்கம் தோன்றிற்று. அவ்வியக்கத்தார் ஜப்பானிய ஓவியர்களோடு நட்புக் கொண்டனர். 1903-இல் தைக்கான் போன்றோர் கல்கத்தாவுக்கு வந்து தங்கினர். மேனாட்டு முறையில் எழுதிய இரவிவர்மாவின் படங்கள் இந்திய உயிர் அற்றவை என்று அவ்வியக்கத்தார் கருதினர். நிவேதிதை அம்மையார் கண்டித்தார். கொழும்பில் பிறந்த தமிழரும் கலைப் பேரறிஞருமான ஆனந்த குமாரசாமியும் கண்டித்தார். தெய்வங்களை நாடகமேடை மாந்தராக்கிவிட்டார் என்பது அவர் குறை. குமாரசாமி 1917 முதல் பணிபுரிந்த பாஸ்டன் நகரக் கலைக்கூடம் ஜப்பானிய மரக்கட்டைப் படங்களின் பெருந்தொகுதிக்குப் பெயர்பெற்றது. ஒருகாலத்தில் கடைத்தெருவில் மலிவாக விற்ற படங்கள் அங்கே கண்ணாடிக்குள் காக்கப்படுகின்றன. அச்சிட்ட மலிவுப் படம் என்பதனாலேயே ஒன்று தாழ்ந்ததாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் பழித்தோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இரவிவர்மாவின் திருமகளும் கலைமகளும் வெண்ணிற மேனியர்; மராட்டிய முறையில் பட்டுடுத்தியவர். நாற்று நடும் பெண்ணின் கறுத்த மேனிக்கு அத்தெய்வ உலகில் இடம் குறைவு. வீடுதோறும் அப்படம் சென்றபோது அழகென்றால் வெண்மை என்னும் எண்ணமும் உடன் சென்றது. காத்திருத்தலே பெண்ணுக்கு அழகு என்னும் எண்ணமும் உடன் சென்றது. படம் எத்துணைப் பெரிய ஆற்றல் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ஓவியரைப் போற்றும் நாம் இவ்விரு எண்ணங்களையும் போற்ற வேண்டுவதில்லை.

நம் பாரதியார் அவரைப் போற்றினார். இரவிவர்மா மறைந்தபோது அவர் பாடிய இரங்கற்பா ஓவியர்மணி இரவிவர்மா என்னும் தலைப்பில் அவர் நூல் தொகுதியில் உள்ளது. மக்களுக்காகக் கவிதையை எளிமையாக்கிய கவிஞர், மக்களுக்காக ஓவியத்தை மலிவாக்கியவரை இனங்கண்டு கொண்டதில் வியப்பில்லை.

இறுதி ஆண்டுகள்

1904-இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கிற்று. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். கண்ணும் கையுமாக உடனிருந்த தம்பியின் பிரிவு அண்ணனைத் தளரச் செய்தது. நீரிழிவு நோயும் சேர்ந்துகொண்டது. ஆயினும் மைசூர் மன்னருக்கு ஏற்றுக்கொண்ட ஒன்பது படங்களை விடாமல் எழுதினார். அவற்றுள் ஒன்று கவனிக்கத்தக்கது. இராமன் வில்லேந்திக் கடற்கரையில் நிற்கிறான். கடலரசன் வருணன் பணிந்து வழிவிடுகிறான். சேது கட்டுமுன் நிகழும் காட்சி அது. வாழ்நாளெல்லாம் பாலமற்ற கரையில் பெண்களை நிறுத்திய தூரிகை, அந்திக் காலத்தில் பாலம் பிறக்கப்போகும் கரைக்கு வந்து சேர்ந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில், இரவிவர்மா மறைந்தார். 1979-இல் இந்திய அரசு அவர் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வம் என அறிவித்து, அவை வெளிநாடு செல்லாதபடி காப்புச் செய்தது.

சேது

முன்னர்க் குறித்த உறவுக்கு இப்போது வருவோம். இரவிவர்மாவின் பெண்மக்கள் இருவருக்கு ஆளுக்கொரு பெண் குழந்தை பிறந்தது. இராமேசுவரத்துச் சேது யாத்திரையின் பயனாகப் பிறந்தமையால் சேதுலட்சுமி பாயி, சேதுபார்வதி பாயி என்று பெயரிட்டனர் என்பர். சேது என்றால் பாலம்தானே! 1900-இல் அவ்விரு குழந்தைகளும் திருவாங்கூர் அரச குடும்பத்துக்கு மகவாக ஏற்கப்பட்டனர்.

சேதுலட்சுமி பாயி 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பேற்று நாடாண்டார். அவர் பொறுப்பேற்ற ஆண்டில் வைக்கத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கோயிலைச் சுற்றிய தெருவில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து ஈரோட்டுப் பெரியார் சிறைசென்ற போராட்டம் அது. 1925-இல் காந்தியடிகள் அவ்வரசியைக் கண்டு பேசினார். அவ்வாண்டிலேயே மூன்று புறத்துத் தெருக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. சேதுபார்வதி பாயியின் மகன் சித்திரைத் திருநாள் பின்னர் அரசரானார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், சாதி வேறுபாடின்றி இந்துக்கள் யாவரும் அரசின் கோயில்களுக்குள் செல்லலாம் என்று ஆணை பிறப்பித்தவர் அவரே. தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் கதவு 1939-இல் திறந்தது.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. கோயில் வாயில் திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 1894 முதலே, கோயிலுக்குள் விடப்படாதவனின் குடிசைக்குள் கடவுள் தாளில் ஏறி வந்துகொண்டிருந்தார். கொள்ளுப்பாட்டனார் கல்லச்சில் தொடங்கியதைக் கொள்ளுப்பேரன் அரசாணையில் முடித்தார். இரவிவர்மா சமூகப் புரட்சி செய்ய அச்சகம் தொடங்கினார் என்று நாம் மிகைபடக் கூற வேண்டா. படம் விற்கவே தொடங்கினார். ஆயினும் விலை கொடுப்பவனின் குலத்தை அச்சுப்படம் கேட்பதில்லை; பூசாரியின் இசைவையும் அது நாடுவதில்லை. எந்தச் சுவரில் ஆணி இருக்கிறதோ அந்தச் சுவரே அதற்குக் கருவறை.

வடவேங்கடம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை என்று நம் முன்னோர் குறித்தனர். அவ்வெல்லையில் இன்று தெலுங்கு நாட்டில் தமிழ் மாணவராய் வாழும் நமக்குக் கரைகளும் பாலங்களும் நன்கு தெரியும். இரவிவர்மாவின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி இரண்டு. மூடிய கதவின் வெளியே நின்றும் ஒரு கலையைக் கற்கலாம். கற்ற கலையைப் பூட்டி வைக்காமல் பலர் கைக்கும் எட்டச் செய்யலாம். அவர் செய்யாமல் விட்ட பணியும் ஒன்று உண்டு. படத்தில் கரையோரம் நிற்கும் அப்பெண் இன்னும் அங்கேயே நிற்கிறாள். அவள் வகுப்பறையில் நம்மோடு அமர்ந்திருக்கிறாள். வீட்டு முற்றத்தில் நம் தங்கையாய் இருக்கிறாள். அன்னத்தையும் மடலையும் தூதனுப்பிக் காத்திராமல் அவள் தானே நடந்து கடக்கும் பாலத்தைக் கட்டுவது நம் தலைமுறையின் கடன்.